வீதியில் அடிபட்டவர் நட்டஈடு கேட்பது எப்படி?

மானிப்பாய்ப் பக்கம் குத்தகைத் தோட்டம் செய்யும் இடம்பெயர்ந்த குடும்பத் தலைவர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். விடியப்புறம் நான்கு மணிக்கு, சைக்கிளில் கத்தரிக்காய் மூட்டை கட்டி, உடுவில் பக்கத்தால் மருதனார்மடம் சந்தைக்குப் போகிறார். பின்னால் வந்த கார் மோதிக் கால் முறிகிறது. சாரதி நல்ல மனிதர். அவரே வைத்தியசாலைக்கு ஏற்றிப் போகிறார். "பொலிசுக்குப் போகவேண்டாம், எல்லாச் செலவும் நான் பார்க்கிறேன்" என்கிறார். வீட்டாரும் சம்மதிக்கிறார்கள். ஆறு மாதத்தில் அவருடைய தொலைபேசி ஓய்ந்துவிடுகிறது.

எங்கள் சனங்கள் வாய்ச் சொல்லை நம்பி வாழ்ந்தவர்கள். "அந்தப் பிள்ளையின் பிழைப்பைக் கெடுப்பானேன்" என்று இரங்குவதும் உண்டு. ஆனால் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாம் ஆள் காப்புறுதி கட்டாயம். உங்களுக்குக் காயம் ஏற்பட்டால் கொடுப்பதற்கென்றே கட்டப்படும் பணம் அது. பொலிசில் பதியாமல் விட்டால் சாரதிக்கு இரக்கம் காட்டியதாகாது. காப்புறுதிக் கம்பனிக்குத்தான் இலாபம்.

ஆகவே முதலில் வாகன இலக்கத்தையும், காப்புறுதி அட்டையிலுள்ள கம்பனியின் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அடிபட்டவரால் முடியாவிட்டால் கூடப் போனவர் எழுதட்டும். அன்றைக்கே பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி; நீதிமன்ற மொழியும் அதுவே. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் அதை உறுதிசெய்தது. வாக்குமூலம் விளங்காத மொழியில் எழுதப்பட்டிருந்தால், தமிழில் வாசித்து விளக்கும்படி கேளாமல் கையொப்பம் இடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து, பிறகு பிரதியும் எடுங்கள்.

அடுத்தது வைத்தியசாலைத் துண்டுகள். முதலில் மருந்து கட்டியது மானிப்பாய் கிறீன் வைத்தியசாலையாக இருந்தாலும், அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டாலும், ஒரு துண்டையும் எறியக்கூடாது. சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பார்த்து எழுதும் அறிக்கை வழக்கின் முதுகெலும்பு. "விழுந்துவிட்டேன்" என்று வார்ட்டில் சொல்லிவிட்டுப் பிறகு "கார் அடித்தது" என்றால் யார் நம்புவார்?

இனி, இடம்பெயர்ந்த விவசாயிக்கே உரிய சங்கடத்துக்கு வருவோம். கந்தோரில் வேலை செய்பவர் சம்பளச் சீட்டைக் காட்டுவார். நாம் எதைக் காட்டுவது? காணி மற்றவருடையது, குத்தகையோ வாய்ப்பேச்சு, பழைய பத்திரங்கள் ஊரோடு போயின. இந்த இடத்தில் உதவுவது ஒரு சாதாரணக் கொப்பி. இறைப்புக்கும் வெங்காய நடுகைக்கும் கூலிக்குப் பிடித்த ஆள், கொடுத்த காசு, தவறிப்போன போகம், கிளினிக்குக்குப் போன ஓட்டோக் கூலி எல்லாவற்றையும் திகதி போட்டு அன்றன்றே எழுதுங்கள். சந்தைத் துண்டுகளை அதற்குள் வையுங்கள். எத்தனை பரப்பு, எப்போதிருந்து என்று காணிக்காரரிடம் கடிதம் வாங்குங்கள். கமநல சேவை நிலையத்திலும் கிராம அலுவலரிடமும் உறுதிப்படுத்தல் கேட்கலாம். வழக்கு வந்தபின் இருந்து எழுதிய கணக்குக்கு இந்த மதிப்புக் கிடையாது.

வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில், சாரதிக்கு எதிராகவும், அவர் உரிமையாளரின் வேலையாக ஓடியிருந்தால் உரிமையாளருக்கு எதிராகவும் போடப்படும். சிறு தொகையானால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக நேரலாம். வழக்குப் போடுமுன், அல்லது போட்டு ஏழு நாளுக்குள், காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். தவறினால் தீர்ப்புப் பணத்தைக் கம்பனியிடம் பெற முடியாது. மற்றப் பக்கத்தின் கவலையீனத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும். எங்களிலும் பிழை இருந்தால் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பங்கு குறைக்கப்படும். இருட்டில் விளக்கில்லாச் சைக்கிளில் போகிறவர்கள் இதை யோசிக்கட்டும்.

காலக்கெடு இரண்டு வருடம், விபத்து நடந்த நாளிலிருந்து. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் சொல்வது இது. கம்பனியுடன் பேச்சு நடக்கிறது என்பதற்காகக் காலம் நின்றுகொண்டிருக்காது. "இடம்பெயர்ந்தவர்களுக்குச் சலுகை உண்டு" என்று சிலர் சொல்வார்கள். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தந்த சலுகை காணி போன்ற அசையாச் சொத்துக்கே. கால் முறிவுக்கு அல்ல. மோதியது அரச வாகனமானால், சட்டமா அதிபருக்கு எதிராக வழக்கிடுமுன் ஒரு மாத எழுத்து அறிவித்தல் வேண்டும். அந்த மாதத்தையும் கணக்கில் வையுங்கள்.

கட்டிலருகே காசோடு வரும் கடதாசியைப் பற்றி ஒரு சொல். அதில் "முழுத் தீர்வு" என்றோ, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்றோ இருந்தால் கையொப்பமிட வேண்டாம். மருந்துச் செலவுக்குக் காசு வாங்கினால் "மருந்துச் செலவுக்காக மட்டும்" என்று எழுதிக் கொடுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரச நிறுவனம் அது. வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். வீடு மாறினால் புதிய விலாசத்தை உடனே சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். தவணைத் திகதி தெரியாமல் வராதுபோனால் வழக்கே தள்ளுபடியாகலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அடையாள அட்டைப் பிரதி ஒன்றும் வெறும் கொப்பி ஒன்றும் கொண்டு வாருங்கள். அட்டையிலுள்ள விலாசமும் இப்போது இருக்கும் விலாசமும் வேறானால், இரண்டையும் முதற் பக்கத்தில் எழுதிக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துவோம்.