வளவு காட்டும் குறிகள்

அத்திமரம் துளிர்ப்பதைக் கண்டு கோடை நெருங்குவதை அறியும்படி இயேசு தம் சீடருக்குச் சொன்னார். அவர்களுள் சிலர் மீனவர். என்றாலும் மரத்தைப் பார்த்துக் காலத்தை அறிவது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. நம் வடபகுதியில் உறைபனியும் இல்லை, அது உருகி வரும் வசந்தமும் இல்லை. வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் எழுவதற்கு முன்னுள்ள மாசி, பங்குனி மாதங்களே எமக்கு இளவேனிலின் தொடக்கம். தவக்காலமும் பெரும்பாலும் இதே நாட்களில்தான் வரும்.

முதற்குறி வேலியில் தெரியும். முள்முருக்கு இலையுதிர்த்துச் செந்நிறமாய்ப் பூக்கும். சீமைக்கிளுவையில் இளஞ்சிவப்புப் பூ நிறையும். இலை கொட்டுகிறதென்று கூட்டி எரித்துவிடுகிறோம். அது பெரும் நட்டம். கத்தரி, மிளகாய்ப் பாத்திகளில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு பரப்பினால் மண்ணின் ஈரம் விரைவில் ஆவியாகாது. மீண்டும் குடியேறிய வளவுகளில் எரிப்பதற்கு இன்னொரு தடையும் உண்டு. வெடிபொருள் அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத நிலத்தில் தீ வைக்கவோ, மண்வெட்டி போடவோ கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

மாமரம் பூத்திருக்கும்போது பனி அதிகமானால் பூங்கொத்தில் வெண்மையாகச் சாம்பல் நோய் படியும். தத்துவெட்டியும் சேர்ந்துகொள்ளும். இதைக் கண்டதும் பூச்சிகொல்லியை எடுத்து விசிறுகிறவர்கள் உண்டு. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவை ஈக்களும் தேனீக்களுமே. பூ விரிந்திருக்கையில் மருந்தடித்தால் அவையும் மடியும், பிஞ்சும் குறையும்.

ஆனால் மரங்களை விட நாம் கவனிக்க வேண்டியது கிணறு. ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். அதற்கு முன்னரே நீர்மட்டம் இறங்கத் தொடங்கிவிடும். வாளிக் கயிற்றில் ஒரு துணியை முடிந்து வைத்து, வாரம் ஒருமுறை, விடியற்காலையில் நீர் அள்ளும் முன் அளந்து பாருங்கள். முடிச்சு விரைவாகத் தாழ்ந்தால் புதிய பாத்தி போடாதீர்கள். இருக்கும் பயிரைக் காப்பாற்றினாலே போதும். குடாநாட்டில் இன்னொரு குறியும் உண்டு. அங்கே சுண்ணாம்புக் கல்லின் கீழ் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. இயந்திரம் வைத்து இடைவிடாது இறைத்தால் உவர் மேலே ஏறும். நீர் கரிக்கத் தொடங்கினால் இறைப்பை நிறுத்திக் கிணற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வெண்காயம் உப்பைத் தாங்காது.

இரவல் வளவில் இருப்போர், "இன்றோ நாளையோ எழும்பச் சொன்னால் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு நாம் சொல்வது, பிறர் காணியில் மரம் வைக்க உரியவரைக் கேளுங்கள். அதுவரை கீரை போடுங்கள், ஒரு மாதத்தில் பிடுங்கலாம். பயறு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் கைக்கு வரும். முற்றிய பயிற்றை, பூசணி விதைகளை நன்றாய்க் காயவைத்து, சாம்பலும் உலர்ந்த வேப்பிலையும் சேர்த்துப் போத்தலில் அடையுங்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வந்தபோது விதைப் போத்தலை அடுக்களையிலேயே விட்டு வந்தவர்கள் எம்மிலும் உண்டு. அடுத்த மாரிக்கு நல்ல விதை தேடி அலைந்தது மறக்கவில்லை. அது கையோடு கொண்டு போகக் கூடியதாக, வாசலுக்குக் கிட்ட இருக்கட்டும்.

பங்குனி கடைசியில் வேம்பு பூக்கும். விடியுமுன் மரத்தடியைக் கூட்டி ஒரு பாயை விரித்து வையுங்கள். வெயில் ஏறுமுன் விழுந்த பூவை அள்ளி, நிழலில் உலர்த்தி, அரைத்த உளுந்துடன் வடகமாகப் பிடித்துக் காயவிடலாம். மரக்கறி கிடையாத நாட்களில் சோற்றுக்கு அது உதவும்.