ரூபுஸ் என்பவன் யார்?



சென்ற வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்தபின், ஞானோபதேச வகுப்புச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்து, "சுவாமி, ஐந்தாம் ஸ்தலத்தில் வருகிற சீமோனுக்குப் பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வேதாகமமே அதற்கு மறுமொழி சொல்லுகிறது.

சீமோன், வட ஆப்பிரிக்காவில் இப்போது லிபியா எனப்படும் நாட்டிலிருந்த சீரேனே பட்டணத்தான். அவன் சேசுநாதருடைய சிலுவையைச் சுமந்ததை மத்தேயு, மாற்கு, லூக்காஸ் மூவரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவன் அலெக்சாந்தருக்கும் ரூபுசுக்கும் தகப்பன் என்று சொல்லுகிறவர் அர்ச். மாற்கு ஒருவரே (15:21). அந்த இருவரும் யாரென்று அவர் விளக்கவில்லை. வாசிக்கிறவர்களுக்கு அவர்கள் தெரிந்தவர்களாயிருந்தால், விளக்கம் எதற்கு?

அந்த வாசகர்கள் எங்கே இருந்தார்கள்? அர்ச். இராயப்பரின் பிரசங்கத்தை உரோமாபுரியில் கேட்டவர்களுக்காகவே அர்ச். மாற்கு தமது சுவிசேஷத்தை எழுதினார் என்பது பூர்வீக பாரம்பரியம். இனி, அர்ச். சின்னப்பர் ஏறக்குறைய கி.பி. 57-ல் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 13-ம் வசனத்தில் ரூபுஸ் என்பவனுக்கு மங்களம் சொல்லுகிறார். அவனை ஆண்டவரில் தெரிந்துகொள்ளப்பட்டவன் என்கிறார். அவன் தாய் தமக்கும் தாய் என்கிறார்.

இருவரும் ஒருவனேயா? ரூபுஸ் என்பது செந்நிறத்தான் எனப் பொருள்படும், அக்காலத்தில் வெகுவாய் வழங்கிய இலத்தீன் பெயர். ஆகையால் இது விசுவாச சத்தியமல்ல. ஆயினும் ஊரும் காலமும் பொருந்துவதால், ஒருவனே என்று வேதசாஸ்திரிகள் பலர் எண்ணுவது நியாயமே. 1941-ம் ஆண்டில் எருசலேமுக்கு அருகே கெதரோன் பள்ளத்தாக்குக் கல்லறை ஒன்றில், சீமோன் மகன் அலெக்சாந்தர் என்று பொறித்த எலும்புப் பெட்டி அகப்பட்டது. அந்தக் குடும்பம் சீரேனே நாட்டிலிருந்து வந்ததென்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். அவை சாதாரணப் பெயர்களாகையால், அதையும் நிச்சயமென்று சாதிக்கலாகாது.

ரூபுஸ் அவனேயானால், நமக்கு எவ்வளவு ஆறுதல்! சீமோன் மனமுவந்து சிலுவையைத் தூக்கவில்லை. வயற்புறத்திலிருந்து வந்தவனைச் சேவகர் பிடித்துச் சுமத்தினார்கள். ஒருவன் உன்னை ஒரு மைல் தூரம் வரும்படி பலவந்தம்பண்ணினால் இரண்டு மைல் போ என்று மலைப்பிரசங்கத்தில் நம் ஆண்டவர் சொன்னாரே; அங்கே வருகிற அதே கிரேக்கச் சொல்லையே மத்தேயுவும் மாற்கும் இங்கும் வழங்குகிறார்கள். அன்று சீமோனுக்கு அது அவமானமாயும் வீண் வருத்தமாயும் தோன்றியிருக்கும். ஆனால் அந்தச் சுமை அவன் வீட்டுக்குள் விசுவாசத்தைக் கொண்டுவந்தது. மகன் திருச்சபையில் பேர்பெற்றான்; மனைவி அப்போஸ்தலருக்கே தாயானாள்.

நம் வீடுகளிலும் நாம் கேளாத சிலுவைகள் உண்டு. படுக்கையில் கிடக்கும் மாமியார், புத்தி சுவாதீனமற்ற பிள்ளை, தீராத கடன். "இது ஏன் என் தலையில் விழுந்தது?" என்று முறுமுறுக்கிறோம். முறுமுறுத்தாலும் தோளிலிருந்து இறக்கிவிடாதேயுங்கள். நீங்கள் அதைச் சுமக்கும் விதத்தை உங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஐந்தாம் ஸ்தலத்தில் முழந்தாளிடும்போது, சீமோனோடு ரூபுசையும் அவன் தாயையும் நினைத்துக்கொள்ளுங்கள்.