மாட்டைப் பார்

அன்புத் தம்பிக்கு,

பண்ணை விலங்கு நலமாக இருக்கிறதா என்று எப்படி அளப்பது எனக் கேட்டிருந்தாய். கால்நடை மருத்துவம் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இந்தக் கேள்வி வந்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

1964இல் ரூத் ஹாரிசன் எழுதிய புத்தகம் பிரிட்டனின் தொழில்முறைப் பண்ணைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அரசு நியமித்த பிராம்பெல் குழு மறு ஆண்டு அறிக்கை தந்தது. கோழிக் கூண்டுத் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பிவலை கூடாது என்றது. அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் 1973இல் ஹியூஸ், பிளாக் என்ற ஆய்வாளர்கள் தேர்வைக் கோழிகளிடமே விட்டார்கள். அவை அந்த மெல்லிய வலையைத்தான் நாடின!

ஆகவே விலங்கிடமே கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2004 முதல் 2009 வரை நடந்த ‘வெல்ஃபேர் குவாலிட்டி’ திட்டம் அதைத்தான் செய்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வு நிறுவனங்கள் அதில் கைகோத்தன. தீவனம், இருப்பிடம், உடல்நலம், இயல்பான நடத்தை என்ற நான்கு தலைப்புகளில் 12 அளவுகோல்களை வகுத்தார்கள். கொட்டகையின் நீள அகலத்தோடு நிற்காமல், மாடு நொண்டுகிறதா, மெலிந்திருக்கிறதா, தோலில் காயம் உண்டா என்று பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. தீவனத் தொட்டியருகே நிற்கும் பசுவை நோக்கி, இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து கையை நீட்டியபடி மெல்ல நடக்க வேண்டும். எவ்வளவு நெருங்கியதும் அது முகத்தை விலக்குகிறது என்று குறிக்க வேண்டும். அங்கே வேலை செய்பவர்கள் அதை எப்படி நடத்துகிறார்கள் என்பது அந்த இடைவெளியில் தெரிந்துவிடும்.

ஒருவர் கண்ணுக்கு நொண்டலாகத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் மதிப்பிடுவோர் பலரும் ஒரே மாதிரி மதிப்பெண் தரும்வரை பயிற்சி எடுத்தார்கள். இன்னொரு முடிவையும் நான் மதிக்கிறேன்: நல்ல தீவனம் கொடுத்ததற்காக, புண்பட்ட காலை மன்னித்துவிடக் கூடாது. ஒன்றில் பெற்ற மதிப்பெண் மற்றொன்றின் குறையை முழுதும் ஈடுகட்டாதபடி கணக்கை அமைத்தார்கள். முழு மதிப்பீட்டுக்குப் பல மணி நேரம் பிடிக்கிறது என்பது உண்மையான குறைதான்.

பண்ணையாளரைக் குற்றவாளியாகப் பார்க்காதே. 2003இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், கறவை மாடுகளில் சுமார் 22 விழுக்காடு நொண்டுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். பண்ணையாளர்கள் மதிப்பிட்டது 6 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தினமும் பார்ப்பது கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அவர்களோடு சேர்ந்து எண்ணினால்தான் சிகிச்சையும் கொட்டகைத் தரையும் மாறும்.

அடுத்த முறை கல்லூரிப் பண்ணைக்குப் போகும்போது நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொள். நொண்டும் மாடுகளை இருவரும் தனித்தனியே எண்ணுங்கள். எண்ணிக்கை வேறுபட்டால், எந்த மாட்டில் வேறுபட்டது என்று திரும்பப் போய்ப் பாருங்கள். பிறகு அதைப் பராமரிப்பவரிடம் கேட்டு, அவர் சொன்னதையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்