கை வலிக்கும், காய்ச்சலும் வரலாம்

சென்ற ஆண்டு நம் பள்ளியில் 10 வயது நிரம்பிய மாணவர்களுக்கு இரணஜன்னியையும் தொண்டை அடைப்பானையும் தடுக்கும் ஊசி போடப்பட்டது. “கை இரண்டு நாள் வலிக்கும். இலேசாகக் காய்ச்சலும் வரலாம். அஞ்ச வேண்டா” என்று செவிலியர் இந்தியில் சொல்லி அனுப்பினார். மாணவி ஒருத்தியின் பாட்டி ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தார். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். “என்ன சொன்னார்கள்?” என்று அவர் கேட்டதற்கு, “ஒன்றுமில்லை பாட்டி” என்று சொல்லிவிட்டு அவள் விளையாடப் போய்விட்டாள்.

அன்றிரவு அவளுக்கு உடம்பு சுட்டது. கையைத் தூக்க முடியவில்லை. விடிவதற்குள் பாட்டி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கைக்குழந்தையான தம்பிக்கு மறுவாரம் போடவேண்டிய ஊசி வேண்டவே வேண்டாம் என்பதே அம்முடிவு. பெற்றோர் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

“ஐயா, பாட்டிக்கு இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?” என்று அவள் என்னிடம் வந்து நின்றாள். இப்பாடம் அவ்வினாவிலிருந்து பிறந்தது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஊசி நுழையும்போது சுருக்கென்று குத்துகிறது. மாலையில் அவ்விடம் கடுக்கிறது. மறுநாள் தொட்டால் நோகிறது. சிலருக்குத் தோல் சிவந்து தடித்து அரிக்கிறது. இவை அனைத்தையும் ‘வலி’ என்னும் ஒரே சொல்லில் அடைத்தால், கேட்கும் பாட்டிக்கும் விளங்காது, மருத்துவருக்கும் விளங்காது.

இனி, ஏன் கடுக்கிறது? தடுப்பூசியில் நோய்க்கிருமியின் ஒரு பகுதியோ, வலுவிழந்த கிருமியோ, நஞ்சு நீக்கப்பட்ட கிருமிப்பொருளோ இருக்கும். உடல் அதனை அயலாகக் கண்டு, வெள்ளணுக்களை அவ்விடத்திற்கு அனுப்புகிறது. அவை செல்வதற்கு வழிவிட்டு இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது. ஆகவே சிவப்பும் வீக்கமும் தோன்றுகின்றன. அவ்வணுக்கள் சுரக்கும் சில வேதிப்பொருள்கள் இரத்தத்தின் வழியே மூளைக்குச் செய்தி கொண்டு செல்கின்றன. உடலின் வெப்பத்தை ஆளும் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி வெப்பத்தைச் சற்றே உயர்த்துகிறது. அதுவே காய்ச்சல். பெரும்பாலும் இவை இரண்டு மூன்று நாள்களில் அடங்கிவிடும். காய்ச்சல் வராதவருக்கு ஊசி வேலை செய்யவில்லை என்று பொருளன்று. உடலுக்கு உடல் வேறுபடும்.

இது புதிய செய்தியும் அன்று. 1796 மே மாதம் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் மருத்துவர், ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற 8 வயதுச் சிறுவனுக்கு மாட்டம்மைப் பாலைக் கீறிச் செலுத்தினார். ஏழாம் நாள் அவனுக்கு அக்குளில் நோவு. ஒன்பதாம் நாள் குளிர், பசியின்மை, சிறு தலைவலி. மறுநாள் அவன் நலமடைந்தான். ஜென்னர் இவற்றை மறைக்காமல் தம் நூலில் எழுதி வைத்தார். உங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் நேற்றுச் சொன்னதைப் போலவே இருக்கிறதல்லவா?

எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பதையும் அறியவேண்டும். வரிசையில் நிற்கும்போதே சிலர் மயங்கி விழுவர். அச்சத்தால் இரத்த அழுத்தம் தாழ்வதே பெரும்பாலும் அதற்குக் காரணம். படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினால் தெளிந்துவிடும். ஆனால் ஊசி போட்ட சிறிது நேரத்தில் மூச்சுத் திணறினாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ, உடலெங்கும் தடிப்பு எழுந்தாலோ அது கடும் ஒவ்வாமை. ஏறக்குறைய 10 இலட்சம் தவணைகளுக்கு ஒருவர் என்னும் அளவில் மிக அரிதாகவே அது நேரும். உடனே அட்ரினலின் செலுத்தவேண்டும். ஊசிக்குப் பின் அரைமணி நேரம் அமரச் சொல்வது இதற்காகத்தான். வகுப்பைத் தவிர்க்கக் கிடைத்த ஓய்வு அன்று!

பக்கவிளைவைச் சொல்வதால் தடுப்பூசிக்கு இழுக்கு என்று நினைப்பவர் உண்டு. வெறிநாய்க்கடி ஊசியின் கதை வேறாக இருக்கிறது. இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய ஊசிமருந்து, ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்டது. நம் குன்னூரிலும் அவ்வகை மருந்து தயாரானது. வயிற்றில் நாள்தோறும் போடப்பட்ட அந்த ஊசி பல உயிர்களைக் காத்தது. எனினும் அதிலிருந்த நரம்புப் பொருளால் சிலருக்கு வாதம் கண்டது. மருத்துவர்கள் அதனைக் குறித்து வைத்தனர், பேசினர். உயிரணு வளர்ப்பில் உருவான பாதுகாப்பான மருந்து வந்தது. 2004 இறுதியில் இந்தியா பழைய மருந்தின் உற்பத்தியை நிறுத்தியது. இன்று வெறிநாய்க்கடிக்கு வயிற்றில் ஊசி இல்லை, தோளில்தான்.

அம்மாணவி இவற்றுள் பாதியையாவது வீட்டில் சொல்லியிருப்பாள் போலும். பாட்டி இடக்கையை நீட்டி, சிறுவயதில் அம்மை குத்திய தழும்பைக் காட்டினாராம். “எனக்கும் மூன்று நாள் காய்ச்சல்தான். அப்போது என் அம்மா முன்பே சொல்லி வைத்திருந்தார். நீ ஏன் முதலிலேயே சொல்லவில்லை?” என்று கேட்டாராம். தம்பிக்கு ஊசி ஒரு வாரம் தள்ளிப் போடப்பட்டது. அன்று பாட்டியே குழந்தையைத் தூக்கிச் சென்றார்.

சொல்லும் பொருளும்
தவணை – குறித்த முறை; கடுத்தல் – விடாது வலித்தல்; ஒவ்வாமை – உடல் ஏற்காமை; தழும்பு – ஆறிய புண்ணின் வடு; இழுக்கு – குறை.

பயிற்சி
1. தடுப்பு + ஊசி = தடுப்பூசி; பக்கம் + விளைவு = பக்கவிளைவு. இரு சொற்களிலும் கெட்ட எழுத்து யாது?
2. குத்துகிறது, கடுக்கிறது, நோகிறது, எரிகிறது, அரிக்கிறது: ஒவ்வொன்றையும் நீங்கள் உணர்ந்த ஒரு நிகழ்வில் வைத்துத் தொடர் அமைக்க.
3. மயக்கத்தையும் கடும் ஒவ்வாமையையும் எவ்வாறு வேறுபடுத்தி அறிவீர்?
4. செவிலியர் இந்தியில் சொன்னதை, அம்மாணவி பாட்டியிடம் அன்றே தமிழில் சொல்லியிருந்தால் உரையாடல் எவ்வாறு அமைந்திருக்கும்? எழுதி, இருவராக நடித்துக் காட்டுக.
5. உங்கள் வீட்டுப் பெரியவர் எவரேனும் கையில் அம்மைத் தழும்பு உடையவரா? அது எப்போது, எங்கே, எப்படிக் குத்தப்பட்டது என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வருக.