பெயரைக் காப்பதா, தொழிலைக் காப்பதா?

பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் ஒரு கார்க் கம்பெனி நொடித்துப் போகிறது. "அரசாங்கம் பணம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும்" என்கிறார் ஒருவர். "மக்களின் வரிப்பணத்தை ஓட்டைப் பானையில் ஊற்றலாகாது" என்கிறார் மற்றொருவர். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. பொருளாதாரம் பயிலும் மாணவனாகிய நான் இவ்வழக்கை வெறும் கொள்கை அளவில் ஆராய விரும்பவில்லை. நடந்த வரலாற்றைக் கொண்டே ஆராய விரும்புகிறேன். அதற்குப் பிரிட்டிஷ் லேலண்டு கம்பெனியின் கதை நல்ல பாடம். அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் இன்னும் தெளிவாகும்.

கூரை ஒன்று, அடுப்புகள் பல

பிரிட்டிஷ் லேலண்டு நமக்கு முற்றிலும் அந்நியம் அன்று. கல்கத்தா வீதிகளில் டாக்சியாக ஓடிய அம்பாசடர், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழி வந்தது. சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அந்நாட்டு டிரயம்ப் ஹெரால்டின் உடன்பிறப்பு. எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரில் பாதி, அந்நாட்டு லாரிக் கம்பெனி தந்தது. மாரிஸ், டிரயம்ப், லேலண்டு ஆகிய மூன்றும் 1968-இல் ஒரே கூரையின் கீழ் வந்தன. ஆஸ்டின், எம்.ஜி., ஜாகுவார், ரோவர் முதலிய மார்க்குகளும் உடன் இருந்தன. அன்று பிரிட்டனில் விற்ற கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 இந்த ஒரு கம்பெனியுடையவை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர்.

இவ்வளவு பெரிய கம்பெனி ஏழே ஆண்டுகளில் அரசாங்கத்தின் வாயிலில் வந்து நின்றது ஏன்?

முதற் காரணம், ஒரு வீட்டுக்குள் வந்த பங்காளிகள் தனித்தனி அடுப்பு மூட்டியது. ரோவர் 2000, டிரயம்ப் 2000 என்னும் இரண்டு கார்களும் ஒரே வகை வாடிக்கையாளரை நாடியவை. எம்.ஜி. மிட்ஜெட்டும் டிரயம்ப் ஸ்பிட்பயரும் அவ்வாறே. கம்பெனி தன்னோடு தானே போட்டி போட்டது. இரண்டாவது காரணம், விலைக் கணக்கு. 1959-இல் வெளிவந்த மினி உலகப் புகழ் பெற்றது. ஆனால் 496 பவுன் என்ற அதன் தொடக்க விலையில் லாபத்துக்கு இடம் மிக அரிது. புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. மூன்றாவது, நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையே ஓயாத பூசல். நான்காவது, 1973-இல் எழுந்த எண்ணெய் நெருக்கடி.

இந்நான்கனுள் கடைசியானது வெளியிலிருந்து அடித்த புயல். முதல் மூன்றும் வீட்டுக்குள் இருந்த கரையான். இந்த வேறுபாட்டை நாம் மறவாதிருத்தல் வேண்டும். பின்னே இது பயன்படும்.

1974-ஆம் ஆண்டின் இறுதியில் கம்பெனியின் வங்கிக் கடனுக்கு அரசாங்கம் ஜாமீன் நின்றது. 1975 ஏப்ரலில் டான் ரைடர் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையை அளித்தது. கம்பெனியைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு பெரும் முதலீடு செய்க என்பது அதன் யோசனை. பிரதமர் ஹரால்டு வில்சனின் தொழிற்கட்சி அரசாங்கம் அதை ஏற்றுப் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. விற்பனை பெருகும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய திட்டம் அது. விற்பனை பெருகவில்லை. 1980-இல் கம்பெனியின் பங்கு நூற்றுக்கு 20-க்கும் கீழே இறங்கிவிட்டது.

1977-இல் தலைமை ஏற்ற மைக்கேல் எட்வர்ட்ஸ் கத்தியைக் கையில் எடுத்தார். தொழிற்சாலைகள் சில மூடப்பட்டன. எம்.ஜி. கார்கள் பிறந்த ஆபிங்டன் தொழிற்சாலையும் 1980-இல் மூடப்பட்டது. ஆனால் நோய் முற்றிய பின்பு செய்த சிகிச்சை அது.

ஈண்டு ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. 1979-இல் பிரதமரான மார்கரெட் தாட்சர், இத்தகைய உதவியைக் கொள்கையளவில் எதிர்த்தவர். அவருடைய அரசாங்கமே 1981 ஜனவரியில் மேலும் 99 கோடி பவுன் தர இசைந்தது. ஏன்? கார்க் கம்பெனி தனித்து நிற்பதன்று. கண்ணாடி செய்பவர், டயர் செய்பவர், வார்ப்பட ஆலைக்காரர் எனப் பல நூறு சிறு கம்பெனிகள் அதைப் பற்றி வாழ்கின்றன. ஒரே நாளில் கதவை மூடினால், வரி வருமானம் போகும். வேலையற்றோர்க்கு உதவித்தொகையும் தரவேண்டி வரும். மூடுவதற்கும் செலவு உண்டு என்பதை எதிர்த்தவர்களும் உணர்ந்தார்கள்.

கடன் கொடுத்தவர் கேட்ட விலை

இனி அமெரிக்காவைக் காண்போம். 1979-ஆம் ஆண்டில் கிரைஸ்லர் கம்பெனி ஏறத்தாழ 110 கோடி டாலர் நட்டம் கண்டது. அமெரிக்கக் காங்கிரசில் கடும் வாதம் நடந்தது. இறுதியில், 150 கோடி டாலர் வரை கடனுக்கு ஜாமீன் நிற்க ஒரு சட்டம் இயற்றினர். 1980 ஜனவரியில் ஜனாதிபதி கார்ட்டர் அதில் கையெழுத்திட்டார்.

அச்சட்டத்தின் சிறப்பு தொகையில் இல்லை, நிபந்தனையில் இருக்கிறது. அரசாங்கம் ஜாமீன் நிற்க வேண்டுமானால், தொழிலாளர், வங்கிகள், சரக்கு அளிப்போர், விற்பனையாளர் ஆகிய எல்லோரும் சேர்ந்து சுமார் 200 கோடி டாலர் அளவுக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும். தொழிலாளர் ஊதியத்தில் விட்டுக்கொடுத்தனர். வங்கிகள் கடனில் விட்டுக்கொடுத்தன. தலைவர் லீ ஐயகோக்கா 1980-இல் ஒரு டாலர் சம்பளம் பெற்றார். தொழிற்சங்கத் தலைவர் டக்ளஸ் பிரேசர் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இடம் பெற்றார். பணமும் நேற்றைய ஓட்டையை அடைப்பதோடு நிற்கவில்லை. சிக்கனமான புதிய கார்களுக்கும் சென்றது. 1983-இல், கெடுவுக்கு ஏழாண்டு முன்னதாகவே, கடன் அடைக்கப்பட்டது. ஜாமீனுக்கு ஈடாக அரசாங்கம் பெற்றிருந்த பங்குரிமைச் சீட்டுகள் சுமார் 31 கோடி டாலர் ஈட்டித் தந்தன.

இதைக் கண்டு, 'உதவி என்றால் கிரைஸ்லர் போல வெற்றிதான்' என்று முடிவு கட்டலாகாது. அங்கும் ஆட்குறைப்புக் கடுமையாகவே இருந்தது. அதே கிரைஸ்லர் 2009 ஏப்ரலில் திவாலாகி மறுபடியும் அரசாங்கத்தை நாடியது. அதே ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் திவால் மனுக் கொடுத்தது. அமெரிக்க அரசாங்கம் கார்த் தொழில் முழுவதற்குமாக ஏறத்தாழ 8,000 கோடி டாலர் இறைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் பிழைத்தது; ஆனால் பான்டியாக், சாட்டர்ன், ஹம்மர் ஆகிய மார்க்குகள் கைவிடப்பட்டன. 2013 டிசம்பரில் அரசாங்கம் தன் கடைசிப் பங்குகளை விற்றபோது, அக்கம்பெனிக்குத் தந்ததில் 1,000 கோடி டாலருக்கும் மேல் திரும்பவில்லை. காப்பாற்றிய வேலைகளுக்கு அது தகுந்த விலையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

எது செத்தது, எது பிழைத்தது?

மீண்டும் பிரிட்டனுக்கு வருவோம். ஒன்றாய்க் கட்டி வைத்த கம்பெனி துண்டு துண்டாயிற்று. ஜாகுவார் 1984-இல் தனியே பிரிந்தது. எஞ்சிய ரோவரை 1988-இல் ஒரு விமானக் கம்பெனியும், 1994-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியும் வாங்கின. 2000-இல் பி.எம்.டபிள்யூ., மினியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, லேண்டு ரோவரை போர்டு கம்பெனிக்கு விற்றது. மிச்சத்தை, பர்மிங்ஹாமின் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையோடு, வெறும் 10 பவுனுக்கு ஒரு கூட்டத்தாரிடம் கொடுத்துவிட்டது.

லாங்பிரிட்ஜ் 1905-இல் ஹெர்பர்ட் ஆஸ்டின் நிறுவிய இடம். சரியாக நூறாண்டு கழித்து, 2005 ஏப்ரலில், அதன் இயந்திரங்கள் நின்றன. சீனக் கம்பெனி ஒன்றோடு நடந்த பேச்சு கைகூடுமா என்று பார்ப்பதற்காக, ஒரு வார ஊதியத்துக்கென்று 65 லட்சம் பவுன் கடன் தந்தது அரசாங்கம். பேச்சு முறிந்தது. அதற்கு மேல் அரசாங்கம் கம்பெனியைத் தாங்கவில்லை. ஏறத்தாழ 6,000 பேர் வேலை இழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நாளடைவில் வேறு வேலை பெற்றனர். ஆயினும் பலருக்கு ஊதியம் குறைந்தது.

இப்போது ஒரு கணக்குப் பார்க்கிறேன். எம்.ஜி. என்ற பெயர் பிழைத்தது. சீனக் கம்பெனியின் கைக்குச் சென்று, 2019 முதல் குஜராத்தின் ஹாலோலிலும் அப்பெயரில் கார்கள் உற்பத்தியாகின்றன. ஆனால் லாங்பிரிட்ஜில் எஞ்சியிருந்த சிறு அளவு வேலையும் 2016-இல் முடிந்தது. பெயர் வாழ்ந்தது, அவ்வூரில் தொழில் மாண்டது.

மாரிஸ் என்ற பெயர் மறைந்தது. ஆனால் மாரிஸ் தொழில் தொடங்கிய கௌலியில் இன்றும் மினி கார்கள் செய்யப்படுகின்றன. லேலண்டு என்ற பெயர் அந்நாட்டு லாரிகளின் முகப்பிலிருந்து மறைந்தது. ஆனால் லங்காஷயரின் லேலண்டு ஊரில் வேறு பெயரில் லாரிகள் உருவாகின்றன. ஜாகுவாரும் லேண்டு ரோவரும் 2008-இல் டாட்டா கம்பெனியின் உடைமையாயின. முதலாளியின் நாடு மாறியது. கைவினை அங்கேயே நின்றது.

இவற்றிலிருந்து நான் காணும் முடிவு இது. விவாதம் எழும்போதெல்லாம் நாம் பெயருக்காகக் கண்ணீர் விடுகிறோம். தலைமுறை தலைமுறையாகக் கண்டு பழகிய மார்க்கு போகிறதே என்று மனம் இரங்குகிறது. அரசாங்கமும் அந்த உணர்ச்சிக்கு இணங்கி, இருப்பதை இருந்தபடியே காக்க முயல்கிறது. காக்கப்பட வேண்டியதோ தொழிலாளியின் கைத்திறனும், அதை நம்பிய சிறு கம்பெனிகளும், ஊரின் வாழ்வுமே ஆகும்.

ஆதலின், உதவி கேட்டு வரும் கம்பெனியிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்பேன்.

ஒன்று: வந்தது புயலா, கரையானா? புயலானால், அது ஓயும்வரை கை கொடுக்கலாம். கரையானானால், மரத்தை அறுத்து மாற்றச் சம்மதித்த பிறகே பணம்.

இரண்டு: அரசாங்கத்தோடு வேறு யார் பங்கு போடுகிறார்கள்? முதலாளியும் வங்கியும் தம் பணத்தைத் தொடாமல் மக்கள் பணத்தை மட்டும் கேட்டால், அது உதவியன்று, சுமை மாற்றல்.

மூன்று: பணம் நாளைய காருக்கா, நேற்றைய நட்டத்துக்கா?

நான்கு: கெடு உண்டா? கெடு இல்லாத கடன், கடன் ஆகாது.

நான்குக்கும் சரியான விடை கிடைக்கவில்லையானால், 'இல்லை' என்று சொல்லும் துணிவு அரசாங்கத்துக்கு வேண்டும். ஆனால் கம்பெனிக்கு 'இல்லை' என்று சொல்லும் அரசாங்கம், தொழிலாளிக்கும் 'இல்லை' என்று சொல்லலாகாது. நாற்பத்தைந்து வயதில் வேலை இழந்த ஒருவர் புதுத் தொழில் கற்கப் பயிற்சி வேண்டும். கற்கும்வரை குடும்பம் பிழைக்க வழி வேண்டும். அவ்வூருக்கு வேறு தொழில் வரவேண்டும். அதற்குச் செலவிடும் பணத்தை எவரும் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர் என்று சொல்ல முடியாது.

நம்மில் சிலர் பொறியியல் வல்லுநராகக் கூடும். சிலர் கணக்காயராகவோ அதிகாரியாகவோ ஆகக் கூடும். இத்தகைய மனு ஒன்று என்றேனும் நம் மேசைக்கு வரலாம். அன்று, அதன் முகப்பில் அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்த்து மயங்காமல், உள்ளே இருக்கும் ஆட்களின் கணக்கைப் பார்ப்போமாக.