வெப்பக் காற்று இன்ஜின்: வீட்டில் கட்டவும் கோளாறு பார்க்கவும் 22 குறிப்புகள்

ஸ்காட்லாந்தில் பாதிரியாராக இருந்த ராபர்ட் ஸ்டிர்லிங் 1816-ல் காப்புரிமை பெற்ற இன்ஜின் இது. கொதிகலன் கிடையாது, வால்வு கிடையாது, உள்ளே எதுவும் எரிவதும் கிடையாது. அடைபட்ட காற்று சூட்டில் விரியும், குளிர்ச்சியில் சுருங்கும். அதுவே சக்கரத்தைச் சுழற்றுகிறது. மின்சாரம் வராத காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் ஓடும் விசிறிகள் இந்தியாவில் விற்பனைக்கு இருந்தன. அவற்றை ஓட்டியது இந்த வகை இன்ஜின்தான். இன்று சுவீடனின் கோட்லாண்ட் வகை நீர்மூழ்கிக் கப்பல்களிலும் இது இருக்கிறது.

தகர டப்பா, கண்ணாடி சிரிஞ்ச், சைக்கிள் கம்பி இருந்தால் சிறிய மாதிரி ஒன்றை வீட்டிலேயே கட்டிவிடலாம். ஆனால் மாதிரி இன்ஜினின் பலம் மிகக் குறைவு. காற்றுக் கசிவு, உராய்வு, வெப்பம் வேண்டாத இடத்துக்குப் போவது ஆகிய மூன்றில் ஒன்று கொஞ்சம் கூடினாலும் நின்றுவிடும். ஓடாத இன்ஜின்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றால்தான் ஓடாமல் இருக்கின்றன. கீழே உள்ள குறிப்புகள் பெரும்பாலும் இந்த மூன்றையும் அடக்குவதற்கானவை.

தொடங்கும் முன்

1. முதல் முயற்சிக்குக் கோலிக்குண்டு இன்ஜினே நல்லது. சக்கரமும், முன்பின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கும் இதற்குத் தேவையில்லை. கோலிக்குண்டு தடையில்லாமல் உருளும் அளவுள்ள சோதனைக்குழாயில் நான்கைந்து குண்டுகளைப் போட்டு, வாயை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். அடைப்பானில் ஒரு சிறு குழாயைச் செருகி, மீன் தொட்டிக்குப் பயன்படும் மெல்லிய டியூப் மூலம் கண்ணாடி சிரிஞ்சோடு இணையுங்கள். சோதனைக்குழாயை நடுவில் ஏற்றப்பலகை போல ஆடும்படி பொருத்தி, வாய்ப்பக்கத்தின் கீழே சிரிஞ்சை நிறுத்துங்கள். மூடிய முனைக்கு அடியில் விளக்கு. சூடான காற்று விரிந்து சிரிஞ்ச் வாய்ப்பக்கத்தைத் தூக்கும். குண்டுகள் சூடான முனைக்கு உருண்டு, காற்றைக் குளிர்ந்த பக்கத்துக்குத் தள்ளும். காற்று சுருங்கியதும் வாய்ப்பக்கம் இறங்கும். குண்டுகள் திரும்பி வரும்.

2. அடுத்த கட்டமாகச் சக்கரம் வைத்த இன்ஜினுக்குப் போகும்போது இரண்டு பாகங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டிஸ்பிளேசர் என்பது காற்றைச் சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் மாற்றி மாற்றித் தள்ளுவது. அது சிலிண்டர் சுவரைத் தொடவே கூடாது. பவர் பிஸ்டன் என்பது காற்றின் அழுத்தத்தை வாங்கிச் சக்கரத்தைச் சுழற்றுவது. அதைச் சுற்றிக் காற்று கசியக் கூடாது. கோலிக்குண்டு இன்ஜினில் குண்டுகள்தான் டிஸ்பிளேசர், சிரிஞ்ச்தான் பவர் பிஸ்டன்.

3. டிஸ்பிளேசர் ஓடும் சிலிண்டருக்கு அலுமினிய டப்பாவைத் தவிர்ப்பது நல்லது. அலுமினியம் வெப்பத்தை எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். கீழே கொடுத்த சூடு சுவர் வழியாகவே மேலே ஏறிவிட்டால் குளிர்ந்த முனை என்று ஒன்று இருக்காது. சுவர் மெல்லிதான எவர்சில்வர் டப்பா, பிஸ்கட் டப்பா போன்ற தகரம், தீயைத் தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடிக் குழாய் ஆகியவை ஏற்றவை.

4. பவர் பிஸ்டனுக்குப் பிளாஸ்டிக் சிரிஞ்ச் வேண்டாம். அதன் ரப்பர் முனையின் உராய்வே இன்ஜினின் பலம் முழுவதையும் தின்றுவிடும். ஆய்வகப் பொருள் கடையில் 5 அல்லது 10 மி.லி. கண்ணாடி சிரிஞ்ச் கேளுங்கள். உள்தண்டும் உறையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை என்பதால், எண்ணெய் இல்லாமலே வழுக்கும், காற்றையும் விடாது. வாங்கும்போது தண்டை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஒரு சிரிஞ்சின் தண்டு இன்னொன்றின் உறைக்குச் சரியாகப் பொருந்தாது.

5. தெர்மகோல் டிஸ்பிளேசர் வெந்நீர்க் கோப்பையின்மேல் வைத்து ஓட்டும் இன்ஜினுக்கு மட்டும்தான். தீச்சுடர் இன்ஜினில் உருகிவிடும். அங்கே மெல்லிய தகரத்தில் செய்த உள்ளீடற்ற உருளையையோ, பாத்திரம் துலக்கும் இரும்பு நாரின் இறுக்கமில்லாத சுருளையோ பயன்படுத்துங்கள். நாருக்கு இன்னொரு நன்மை உண்டு: காற்று மேலே போகும்போது அதன் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கீழே வரும்போது திருப்பிக் கொடுக்கும். ஸ்டிர்லிங்கின் காப்புரிமையில் முக்கியமான புதுமை இந்த வெப்பச் சேமிப்புதான்.

கட்டும்போது

6. டிஸ்பிளேசருக்கும் சுவருக்கும் இடையில் சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். குறைந்தால் உரசும், மிகவும் கூடினால் காற்று சுவரை ஒட்டி ஓடாமல் நடுவே நழுவிவிடும், சூடு ஏறாது.

7. டிஸ்பிளேசர் அது மேலும் கீழும் நகரும் தூரத்தைப் போல மூன்று மடங்கு நீளமாக இருக்கட்டும். குட்டையாக இருந்தால் சூடும் குளிரும் கலந்துவிடும். மேலேயும் கீழேயும் முனையைத் தொடாமல் 2 மி.மீ. அளவுக்கு மட்டும் இடம் விட்டால் போதும்.

8. டிஸ்பிளேசர் தள்ளும் காற்றின் அளவு, பவர் பிஸ்டன் நகரும் அளவைப் போல ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை இருக்கலாம். இது தீச்சுடர் இன்ஜினுக்கு. வெந்நீர் இன்ஜினில் வெப்ப வித்தியாசம் குறைவு என்பதால் இருபது மடங்குக்கும் மேல் தேவைப்படும்; அதனால்தான் அவை அகலமான தட்டும் குட்டிப் பிஸ்டனுமாகக் காட்சி தருகின்றன. கிராங்க் தட்டில் மையத்திலிருந்து 5, 7, 9 மி.மீ. தூரங்களில் மூன்று துளைகள் போட்டு வைத்தால், பிஸ்டனின் ஓட்டத்தைப் பிறகு மாற்றிப் பார்க்க வசதி.

9. இரண்டு கிராங்குகளுக்கும் இடையே 90 டிகிரி இருக்க வேண்டும். சக்கரம் சுழலும் திசையில் டிஸ்பிளேசர் கிராங்க் முன்னே போகும், பிஸ்டன் கிராங்க் கால் சுற்று பின்னால் வரும். ஐந்து டிகிரி முன்பின் ஆனால் பாதகமில்லை.

10. கிராங்க் தண்டுக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி அருமையானது. 2 மி.மீ. தடிமன், நேராக இருக்கும், வளைத்த வடிவம் மாறாது. வளைத்தபின் மேசைமேல் உருட்டிப் பாருங்கள். தாங்கிகளில் உட்காரும் பகுதிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் பிடிக்கும்.

11. ஃப்ளைவீல் எனும் இந்தச் சக்கரத்துக்குப் பழைய சி.டி.க்கள் இரண்டு மூன்றை ஒட்டிக்கொள்ளலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கின் தட்டு இன்னும் நல்லது. கிராங்க், கம்பிகள் எல்லாம் மாட்டிய பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிடுங்கள். எப்போதும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம் கூடுதல். எதிர்ப்பக்கத்தில் ஒரு நட் அல்லது வாஷரை ஒட்டிச் சமன் செய்யுங்கள்.

12. புதிய பால் பேரிங்கில் இருக்கும் கிரீஸ் இந்த இன்ஜினுக்குப் பகை. பேரிங்கைத் தின்னரில் ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள்.

13. காற்று வீணாக அடைந்து கிடக்கும் இடங்களைக் குறையுங்கள். டிஸ்பிளேசர் சிலிண்டரையும் பிஸ்டனையும் இணைக்கும் குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நீளமான டியூபில் கிடக்கும் காற்று எந்த வேலையும் செய்யாமல் அழுத்தத்தை மட்டும் குறைக்கும்.

14. சூடான முனையில் ஈயப் பற்று வைக்காதீர்கள். வழக்கமான ஈயம்-வெள்ளீயக் கலவை 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். அங்கே மடிப்பு இல்லாத டப்பாவின் அடிப்பகுதியே அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த பக்க இணைப்புகளுக்கு எம்-சீல் போதும். இடைப்பட்ட இடங்களுக்கு வண்டி இன்ஜினில் பயன்படும் சிவப்பு சிலிகான் பசையைப் பூசி, ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள்.

ஓடாவிட்டால்

15. விளக்கு ஏற்றும் முன் கசிவைச் சோதியுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, பிஸ்டனை மெதுவாக அழுத்துங்கள். குமிழி வரும் இடம் ஓட்டை. சிரிஞ்சை மட்டும் சோதிக்க, முனையை விரலால் அடைத்துத் தண்டை இழுத்து விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பினால் அது நல்ல சிரிஞ்ச். பிஸ்டனுக்குப் பதிலாகப் பலூன் ரப்பர் கட்டியிருந்தால் அதைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சூட்டில் ரப்பர் வெடிப்பு விடும்.

16. அடுத்தது உராய்வு. பிஸ்டன் கம்பியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைச் சுண்டுங்கள். வேகம் படிப்படியாகத் தணிந்து நிற்க வேண்டும். வெடுக்கென்று நின்றால் எங்கோ பிடிக்கிறது. டிஸ்பிளேசர் கம்பியையும் கழற்றிப் பார்த்தால் பிடிப்பது எது என்று தெரிந்துவிடும். காதை அருகில் வைத்துக் கேளுங்கள்: கரகரவென்ற சத்தம் டிஸ்பிளேசர் சுவரை உரசுவது, டக் டக் என்பது முனையில் முட்டுவது.

17. டிஸ்பிளேசர் கம்பி வெளியே வரும் துளையில் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் பிசுபிசுத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். 6பி பென்சிலின் முனையை உப்புத்தாளில் தேய்த்து, அந்தக் கரித்தூளைத் தடவுங்கள். கம்பிக்கு வழிகாட்டும் குழாய் நீளமாக இருந்தால், துளை சற்றுத் தளர்வாக இருந்தாலும் கசிவு குறையும்.

18. சில நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நிற்கிறதா? குளிர்ந்த முனை சூடாகிவிட்டது என்று பொருள். மேல்முனையைச் சுற்றி ஈரத்துணி சுற்றுங்கள், அல்லது சிறு தண்ணீர்த் தொட்டி அமையுங்கள். சுடரைச் சிலிண்டரின் அடிப்பகுதியில் மட்டும் காட்டுங்கள். 30 டிகிரிக் காற்று 300 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ இரண்டு மடங்காக விரிய முயலும்; அந்தப் பலன் முழுவதும் இரு முனைகளின் வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

19. எல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லையா? ஒற்றைப் பிஸ்டன் இன்ஜின் பொதுவாகத் தானாகக் கிளம்பாது. ஒரு நிமிடம் சூடாகவிட்டு, சக்கரத்தைச் சரியான திசையில் விரலால் தள்ளுங்கள். எந்தத் திசை என்று தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் முயலுங்கள். ஓடவேண்டிய பக்கம் சுற்றும்போது சக்கரம் லேசாக வேகம் பிடிப்பது கையில் தெரியும்.

20. 1983-ல் குரோஷியாவைச் சேர்ந்த பேராசிரியர் ஐவோ கோலின் 20 டிகிரிக்கும் குறைந்த வெப்ப வித்தியாசத்தில் ஓடும் தட்டு இன்ஜினைக் காட்டினார். இன்றைய கோப்பை இன்ஜின்கள் அந்த வழியில் வந்தவை. நம் ஊர்க் கோடையில் அறையே 35 டிகிரி இருக்கும்போது, வெந்நீர் தரும் வித்தியாசம் குறைந்துவிடும். அப்போது இன்ஜினை ஐஸ் கட்டி நிரம்பிய கிண்ணத்தின்மேல் வையுங்கள். சூடும் குளிரும் இடம் மாறுவதால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும், அது கோளாறு அல்ல. சென்னை போன்ற ஈரப்பதமான ஊர்களில் உள்தட்டில் நீர் கோத்து டிஸ்பிளேசர் ஒட்டிக்கொண்டால், திறந்து துடைத்து உலர்த்துங்கள்.

பாதுகாப்பும் பழக்கமும்

21. ஸ்பிரிட் விளக்கின் சுடர் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. நிழலில் வைத்து ஓட்டுங்கள். சூடாக இருக்கும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. மெழுகுவத்தி பயன்படுத்தினால் அடியில் படியும் கரியை அவ்வப்போது துடையுங்கள். கரி சூட்டைத் தடுக்கும். இன்ஜின் நின்றுவிட்டால் உடனே விளக்கை விலக்குங்கள். குழந்தைகள் செய்யும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது கட்டாயம்.

22. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எதை மாற்றினீர்கள், என்ன ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். கசிவு, உராய்வு, வெப்பம் என்ற அதே வரிசையில் தேடுங்கள். பிஸ்டனையும் கிராங்கையும் இடைவெளியையும் ஒரே மாலையில் மாற்றினால், ஓடினாலும் ஏன் ஓடியது என்று தெரியாது.

இந்தக் குட்டி இன்ஜினால் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற முடியாது. ஆனால் பாடப்புத்தகத்தில் சூத்திரமாகப் படித்த வாயு விதிகளை ஒரு குழந்தை தன் கையால் தொட்டுப் புரிந்துகொள்ள இதைவிட மலிவான கருவி கிடைப்பது அரிது. இந்த விடுமுறையில் கோலிக்குண்டு இன்ஜினில் தொடங்குங்கள். உடன் ஒரு பள்ளி மாணவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.