மிதித்தலும் புகட்டுதலும்

கல்லூரி ஆண்டறிக்கைகளில் 'மாணவருள்ளத்தில் நற்பண்புகளைப் பதித்தல்' என்னும் பொருளில் 'இன்கல்கேட்' எனும் ஆங்கில வினையை நாம் தயங்காது எழுதுகிறோம். அதன் வேரோ திடுக்கிட வைப்பது. இலத்தீனில் 'கால்க்ஸ்' என்பது குதிகால். 'இன்கல்காரே' என்பது காலால் மிதித்து உள்ளே அழுத்துதல். ஆதலின் ஒருமுறை கூறி அமைவதற்கு இச்சொல் பொருந்தாது. மீண்டும் மீண்டும் வலியுறுத்திப் பதியச் செய்வதையே இது குறிக்கும்.

இதனோடு ஒத்த பொருளில் வழங்கும் 'இன்ஸ்டில்', துளி எனப் பொருள்படும் 'ஸ்டில்லா' என்பதினின்று பிறந்தது. சொட்டுச் சொட்டாக உட்செலுத்துதல் என்க. நம் 'புகட்டுதல்' இதற்கே அணித்து. சங்கில் பாலெடுத்து மகவின் வாயில் விடும் தாய், அது விழுங்கும் வரை காத்திருந்தே அடுத்த துளியை விடுகிறாள். 'பத்து முறை எழுதி வா' என்னும் நம் வழக்கம் எச்சொல்லின்பாற்படும் என்பதை ஆசிரியராகிய நாமே அறிவோம்!

வழக்கில் ஒரு பிழையும் காண்கிறோம். தமிழில் 'மாணவர்க்குப் புகட்டினார்' என நான்காம் வேற்றுமை வருதலின், ஆங்கிலத்திலும் 'டு' சேர்த்து எழுதிவிடுகின்றனர். 'இன்கல்கேட் வேல்யூஸ் இன் ஸ்டூடன்ட்ஸ்' என்பதே முறை. ஈண்டுச் செயப்படுபொருள் பண்பு, மாணவர் அல்லர். மாணவரைச் செயப்படுபொருளாக்கி 'வித்' சேர்க்கும் வழக்கும் ஆங்கிலத்தில் உண்டெனினும், தேர்வெழுதுவோர் முன்னதையே கொள்க.